கந்தோர் பூட்டினாப் பிறகு வாற யோசனை

பின்னேரப் படகில் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வரும் ரீச்சர்மாரைப் பார்த்திருப்பீர்கள். கடல் கொஞ்சம் சும்மா கிடந்தால் மடியில் கொப்பி விரிந்திருக்கும், கையில் சிவப்புப் பேனை. படகு ஆடினால் சரி அடையாளம் கோணிப்போகும். எங்களில் ஒருவருடைய அம்மா பல வருடம் இப்படித்தான் போய் வந்தவ. கஷ்டப் பிரதேசச் சேவை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடல், அதற்குப் பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை தாண்டி பஸ். வீட்டுக்கு வந்து அரிசி களைகிறபோது, யாருக்கென்று இல்லாமல், "அந்தப் பெடியன் இண்டைக்கும் சாப்பிடாமல்தான் வந்தவன்" என்று சொல்லுவா. அவவுக்கு அன்றைய வேலை எத்தனை மணிக்கு முடிந்தது என்று சொல்வீர்கள்?

இந்தக் கேள்வி எங்களிடம் தற்செயலாகத்தான் வந்து சேர்ந்தது. எங்கட வட்டத்தில் உளவியல் படிக்கிற ஒருவர், ஸ்பானிய மொழியில் ஒரு வினாக்கொத்தைச் சரிபார்த்த ஆய்வுக் கட்டுரையை வாசித்துவிட்டு வந்தார். வேலை நேரம் முடிந்த பிறகும் வேலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருப்பதை அளக்கிற கேள்வித்தாள் அது. "இதை நாங்கள் தமிழுக்குக் கொண்டு வரலாமோ? தீவுப்பகுதிக்குப் போய்வாற ஆக்களிட்டைக் கேட்டுப் பார்க்கலாமோ?" என்றார். முதலில் சிரித்தோம். பிறகு ஒரு சனிக்கிழமை முழுக்க மேசையைச் சுற்றி இருந்து பெயர்க்கத் தொடங்கினோம். நாலாவது கேள்வியிலேயே நின்றுவிட்டோம். ஏன் நின்றோம் என்று தேடப் போய்த்தான் இவ்வளவும்.

முடியாத வேலை மனதில் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதை உளவியல் பேசத் தொடங்கியது 1920களின் பெர்லினில். கேர்ட் லெவின் என்ற பேராசிரியர் ஒரு தேநீர்க்கடைப் பரிசாரகரைக் கவனித்தாராம். காசு வாங்கும் வரைக்கும் யார் யார் என்னென்ன குடித்தார்கள் என்று அந்த ஆளுக்கு ஞாபகம். காசு வாங்கியதும் எல்லாம் மறந்துபோச்சு. அவரிடம் படித்த புளூமா ஸெய்கார்னிக் அதைப் பரிசோதனையாக்கி 1927இல் வெளியிட்டார். இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளை மனிதர் கூடுதலாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. அடுத்த வருடம் அதே கூடத்தைச் சேர்ந்த மரியா ஓவ்சியாங்கினா இன்னொன்றைக் காட்டினார்: அரைவாசியில் விட்ட வேலைக்கு, யாரும் கேட்காமலே, ஆட்கள் திரும்பிப் போகிறார்கள். இந்த நூறு வருடப் பரிசோதனைகளையெல்லாம் சேர்த்து 2025இல் பார்த்தபோது ஸெய்கார்னிக் சொன்ன ஞாபக வித்தியாசம் நிலைக்கவில்லை. ஓவ்சியாங்கினா சொன்னது நின்றது. பாடப்புத்தகங்களில் பிரபலமானவர் என்னவோ ஸெய்கார்னிக்தான்.

இதைத் தொழிலாளரின் சுகத்தோடு சேர்த்து அளக்கத் தொடங்கியது கிட்டடியில்தான். 2007இல் சபீன் சொனென்டாக், ஷார்லட் ஃபிரிட்ஸ் இருவரும் 16 கேள்விகள் கொண்ட ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார்கள். வேலையிலிருந்து மனம் விலகுதல், இளைப்பாறுதல், புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளுதல், ஓய்வு நேரம் தன் கையில் இருத்தல் என்று நான்கு கட்டு. இங்கிலாந்தின் சரே பல்கலைக்கழகத்தில் மார்க் கிரொப்லியும் கூட்டாளிகளும் வேறு வழியில் போனார்கள். அவர்களுடையது 15 கேள்விகள், மூன்று கட்டு. வேலையை நினைத்து மனம் நொந்துகொண்டிருப்பது ஒன்று. வேலைச் சிக்கலுக்கு வழி தேடி யோசிப்பது இன்னொன்று. வேலையை மனதிலிருந்து கழற்றி வைக்க முடிவது மூன்றாவது. அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர் முதல் இரண்டையும் பிரித்ததில் இருக்கிறது. நித்திரையையும் உடம்பையும் கூடுதலாகக் கெடுப்பது நொந்துகொள்ளும் யோசனை; வழி தேடும் யோசனை அப்படியல்ல.

இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஸ்பானிய மொழிக்குப் போனபோது என்ன நடந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 2010இல் இருக்கிறது. அனா இசபெல் சான்ஸ் வெர்கெலும் மட்ரிட்டைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அந்த 2007 வினாக்கொத்தை ஸ்பெயின் தொழிலாளரிடம் கொண்டுபோனார்கள். மொழிபெயர்ப்பது பாதி வேலைதான். பெயர்த்த கேள்வி அதே பொருளைத்தான் பிடிக்கிறதா என்று பார்ப்பது மற்றப் பாதி. ஒரே கட்டுக் கேள்விகளுக்கு ஒரு ஆள் தரும் பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா? மூலத்தில் நான்கு கட்டாக நின்றவை இங்கேயும் நான்காகவே நிற்கின்றனவா, இல்லை இரண்டு கட்டு ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறதா? களைப்போடும் நித்திரையோடும் வரவேண்டிய தொடர்பு வருகிறதா? கணிதத்தை எடுத்துவிட்டால் சரிபார்த்தல் என்பது இவ்வளவுதான். ஸ்பெயினில் நான்கும் நான்காகவே நின்றன.

அதே ஸ்பெயின் 2018 டிசம்பரில், வேலை நேரத்துக்குப் பிறகு போனையும் மின்னஞ்சலையும் அணைத்து வைக்கும் உரிமையைச் சட்டத்தில் எழுதியது. பிரான்சில் அது 2017இலேயே வந்துவிட்டது. கேள்வித்தாளால்தான் சட்டம் வந்தது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் எண் இருக்கிற துன்பத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் கதைக்கலாம். எண் இல்லாதது குசினியிலேயே நின்றுவிடும். அதனால்தான் இதைச் சும்மா படிப்பாளிகளின் விளையாட்டு என்று தள்ள எங்களுக்கு மனம் வரவில்லை.

பெயர்க்கிறவர்கள் எல்லோரும் பின்பற்றுகிற ஒரு முறை உண்டு. ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டு வருவார், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இந்த முறையை ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் ஒழுங்காகப் பரிசோதித்து எழுதினார். எங்கே பரிசோதித்தார் தெரியுமா? பசிபிக்கில் குவாம் தீவில். 1898 வரை ஸ்பெயினின் கையில் இருந்த தீவு அது. குவாம் பல்கலைக்கழகத்தில், 10 மொழிகளைச் சேர்ந்த 94 இருமொழியாளர்களை வைத்துச் செய்தார். உலகமெல்லாம் கேள்வித்தாள் பெயர்க்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு ஒரு தீவில் திரித்தது என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

சரி, எங்கட மேசைக்கு வருவோம்.

முதலாவது இடறல் தலைப்பிலேயே. ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் இந்த மன நிலைக்கு வைத்திருக்கும் பெயர் மாட்டிலிருந்து வந்தது: தின்றதைத் திரும்பத் திரும்ப இரைமீட்பது. தமிழில் நேராகப் போட்டால் அசைபோடுதல். ஆனால் தமிழன் அசைபோடுவது எப்போதும் இனிமையானதைத்தான். பழைய பள்ளிக்கூட நாட்களை அசைபோடுவோம், கோயில் திருவிழாவை அசைபோடுவோம். "வேலையைப் பற்றி வீட்டில் அசைபோடுவீர்களா" என்று கேட்டால், வேலையில் அவ்வளவு சந்தோசமா என்று ஆட்கள் நினைப்பார்கள். ஒரே மாடு, வேற புல்லு.

இரண்டாவது, வேலையை விட்டுவிட்டு வருவதைப் பற்றிய கேள்விகள். வீட்டுக்கு வரும்போது வேலையை விட்டுவிடுவீர்களா என்று ஒருவர் எழுதினார். எங்கட ஊரில் "அவர் வேலையை விட்டிட்டார்" என்றால் ராஜினாமா. படகில் வருகிற ரீச்சரிடம் இதைக் கேட்டால் "ஏன் தம்பி, இடமாற்றம் ஏதும் தரப்போகினமோ?" என்றுதான் கேட்பா.

மூன்றாவது, மேலதிகாரி பேசியதை நினைத்து வருந்துவது பற்றி நாங்களே சேர்க்க நினைத்த ஒரு கேள்வி. சென்னையில் பேசுவது பேசுவதுதான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைப்போம். பேசினால் அது ஏச்சு. "அதிபர் பேசினவர்" என்றாலே அன்றைய நாள் கெட்டுப்போனது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் சரிபார்த்த ஒரு தமிழ் வினாக்கொத்தை அப்படியே ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவர முடியாது என்பதற்கு இந்த ஒரு சொல் போதும். ஸ்பானியத்துக்கும் இதே தலையிடி உண்டு. மட்ரிட்டில் சரிபார்த்ததைக் கேட்டுவிட்டு லிமாவிலும் பொகோட்டாவிலும் திரும்பவும் சரிபார்க்கிறார்கள்.

நாலாவதில்தான் நின்றோம். நொந்துகொள்ளும் யோசனை ஒன்று, வழி தேடும் யோசனை இன்னொன்று என்று கிரொப்லி பிரித்தார் அல்லவா? எங்களிடம் இரண்டுக்கும் ஒரே சொல். யோசனை. "இந்தக் காசை எப்பிடிக் கட்டுறது எண்டு யோசிக்கிறன்" என்பது வழி தேடல். "அவ சரியா யோசிச்சுப் போனா" என்பது நோய். "யோசியாதேங்கோ" என்று ஆறுதல் சொல்கிறோம். "கொஞ்சம் யோசிச்சு நட" என்று புத்தியும் சொல்கிறோம். வேண்டுமென்றால் கவலைப்படுவது என்று ஒன்றையும் சிந்திப்பது என்று மற்றதையும் எழுதலாம், திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு போனாலும் பிழை தெரியாது. ஆனால் சிந்திப்பது மேடைச் சொல். குசினியில் யாரும் சிந்திப்பதில்லை. பிரிஸ்லினின் கயிறு இந்த இடத்தில் பிடிக்காது: திரும்பிப் பெயர்ப்பவர் படித்தவர், அவருக்கு விளங்கிவிடும். களத்தில் பதில் சொல்கிறவருக்கு இரண்டு கட்டும் ஒன்றாக ஒட்டிவிடக்கூடும். அப்படி ஒட்டினால் அது பெயர்த்தவரின் பிழையா, அல்லது இங்கே யோசனை உண்மையிலேயே ஒன்றுதானா?

அதற்கு மேலே இன்னொரு சொல். வேலை. "பெடியனுக்கு வேலை கிடைச்சிட்டுதோ" என்றால் மாதச் சம்பளம், அதிலும் பெரும்பாலும் அரசாங்கச் சம்பளம். கடலுக்குப் போகிறவர் வேலைக்குப் போவதில்லை, தொழிலுக்குப் போகிறார். நயினாதீவில் ஒருவரிடம் வேலை முடிந்த பிறகு என்று கேள்வியைத் தொடங்கினால், "எனக்கு வேலை இல்லை, தொழில்தான்" என்று பதில் வரும். தாளில் அவர் வேலையில்லாதவர்! இந்த இரண்டு சொல்லும் எப்படிப் பிரிந்தன என்று பார்க்கப் போனதில்தான் எங்களுக்குத் தீவகத்தின் வரலாற்றுப் பக்கம் திறந்தது.

யாழ்ப்பாணத்தில் அலுவலகத்துக்குப் பழைய பெயர் கந்தோர். அம்மம்மாமார் இப்பவும் சொல்லுவினம். அது ஒல்லாந்தரின் சொல். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். வேலணையும் ஊர்காவற்றுறையும் இருக்கிற தீவு லைடன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். வரைபடம் முழுக்க ஒல்லாந்து. ஆங்கில வழக்கில் நிலைத்து நின்றது டெல்ஃப்ட் ஒன்றுதான்; தமிழில் அதுகூட ஒட்டவில்லை. ஊர்ப்பெயர் ஒட்டாத இடத்தில் கந்தோர் ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் அந்தப் பொருள் எங்களிடம் இருக்கவில்லை. ஒரு மணிக்குத் திறந்து ஒரு மணிக்குப் பூட்டுகிற, வீட்டுக்கு வெளியே இருக்கிற வேலை. இன்று 8.30க்குத் தொடங்கி 4.15க்கு முடிகிற அரசாங்கக் கந்தோர் வரைக்கும் அதன் வழிதான்.

பெயரைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கும் கேட்கிறவர் பாஷையில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி நயினாதீவிலேயே நிற்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பொலநறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வருகிற பிறதேசத்தாருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றி வருகிற கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மற்ற மூன்றும் உடையவனுக்கு. வாணிபச் சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன் வெட்டுவித்த கட்டளை தமிழில் இருக்கிறது. அந்தத் துறையில் யார் வாசிப்பார்கள் என்று எழுதுவித்தவருக்குத் தெரிந்திருந்தது. கேள்வித்தாள் எழுதுகிறவர்கள் ஒருக்கால் நயினாதீவுக்குப் போய்வரலாம்.

கந்தோருக்கு வெளியே இருந்தவர்களின் வேலை எப்போது முடிந்தது? களங்கண்டி வலை போட்டவருக்கு முடியாது. அவர் படுத்திருக்கிறார், வலை கடலில் நிற்கிறது. வாடைக்காற்று எழும்பினால் யோசனையும் எழும்பும். இந்திய இழுவைப் படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகும் காலத்தில், இரவில் வலையை யோசிக்காமல் தூங்குகிறவரை மனம் விலகி இளைப்பாறுகிற சுகதேகி என்று 15 கேள்வித் தாள் சொல்லும். கடற்கரையில் அவருக்கு வேறு பெயர். பனையேறுகிறவருக்குக் காலை ஒரு ஏற்றம், பின்னேரம் ஒரு ஏற்றம். நடுவில் இருப்பது ஓய்வா வேலையா என்று பனைதான் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பெண்ணைப் பற்றி இந்த வினாக்கொத்துகள் வாயே திறப்பதில்லை. முடிந்த பிறகு என்று கேட்பதற்கு அவவுக்கு முதலில் முடிய வேண்டும்.

தீவகத்தாருக்கு இன்னொரு வேலையும் இருந்தது: கடை. காரைநகர், புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆட்கள் கொழும்பிலும் தெற்கின் சின்னச் சின்னப் பட்டினங்களிலும் கடை வைத்தார்கள். ஊரிலிருந்து கூட்டிக்கொண்டு போன பெடியங்கள் கடையில் வேலை செய்து, இரவில் அதே கடைக்குள் பாய் விரித்துப் படுத்தார்கள். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை போட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் மூடின கதவுக்கு உள்ளே படுத்திருப்பவனுக்குக் கடை எங்கே பூட்டியது? முதலாளிக்கும் அப்படித்தான். 1958, 1977, 1983 என்று கடை எரிந்த வருடங்களை எண்ணிக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு, இரவில் கடையைப் பற்றி யோசிப்பது ஒரு மனக்கோளாறா?

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே நடந்த கேள்வித்தாள்களின் கதையைச் சொல்ல வேண்டும். வேலை யோசனையைப் பற்றியது அல்ல, போரைப் பற்றியது. ஆனால் எங்கட பிரச்சினை முழுக்க அதற்குள் இருக்கிறது.

1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் இருந்தவர்களுக்கு வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக இருந்த வழி அது. 1990, 1991இல் இராணுவ நடவடிக்கைகளோடு ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு பக்கத்துச் சனம் வீட்டையும் வலையையும் விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அந்தக் காலத்தில்தான் யாழ்ப்பாணத்தில் உளநல மருத்துவர்களான தயா சோமசுந்தரமும் சிவயோகனும் பொதுமக்களிடம் ஒரு வினாக்கொத்தைக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய நூறு பேர். 1994இல் பிரிட்டிஷ் உளமருத்துவச் சஞ்சிகையில் அது வெளிவந்தது. 64 வீதமானவர்களிடம் உளசமூகப் பாதிப்பு. 27 வீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய். மனநோவு உடல்நோவாக வெளிவருவது 41 வீதம். இந்தக் கடைசி எண்தான் கூடியது. தலையிடி, நெஞ்சு நோ, உடம்பு உளைவு. இங்கே உள்ளவர்கள் துன்பத்தை எந்தப் பாஷையில் சொல்லுவார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்டதால் அந்த எண் வந்தது.

15 வருடம் கழித்து, போர் முடிந்த கையோடு, 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் யாழ்ப்பாண மாவட்டத்தில் பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடந்தது. 1517 வீடுகள், முகாம்கள் உட்பட. முடிவு 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. மனவடு நோயின் அறிகுறி 7.0 வீதம், பதகளிப்பு 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம். இடம்பெயர்ந்திருந்தவர்களிடம் இவை கூட. பாவித்த கருவிகளில் ஒன்று ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்து. முதலில் கம்போடிய, வியட்நாமிய, லாவோஸ் அகதிகளுக்காக உருவானது, பிறகு பல மொழிகளுக்குப் போனது.

27உம் 7உம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து, போர் கடுமையான பிறகு சனம் சுகமாகிவிட்டது என்று சொல்வீர்களா? சொல்ல முடியாது. கேட்ட ஆட்கள் வேறு, காலம் வேறு, எல்லாவற்றுக்கும் மேலே கேட்ட கேள்வி வேறு. பெரிய கணக்கெடுப்பு சின்னதைவிட மாதிரி எடுத்த விதத்தில் பலமானது. அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு எண்ணம் இல்லை. ஆனால் 41 வீதமாக இருந்த உடல்நோவு அதன் தலைப்பு எண்களில் இல்லை. கேட்கும் தாளில் கட்டம் இல்லாதது முடிவிலும் இல்லை. இதை வெறும் முறையியல் சண்டை என்று விட முடியாது. எந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனை உளநல உத்தியோகத்தர், எந்தத் தீவுக்கு மாதம் எத்தனை தரம் கிளினிக் என்பதெல்லாம் இப்படியான எண்களைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கப்படுகின்றன.

உள்ளூர்ச் சொல்லால் கேட்டால் உண்மையிலேயே வித்தியாசம் வருமா, அல்லது இது எங்கட பாஷைப் பெருமை மட்டும்தானா? நியாயமான கேள்வி. 2012இல் ஜயவிக்ரமவும் கூட்டாளிகளும் இதைப் பரிசோதித்த ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கு, கிழக்கு, வடமேற்கில் 197 பேர். ஒரு பக்கம் மேற்கிலிருந்து பெயர்த்த அளவுகோல்கள்; மறுபக்கம் போர் கண்ட இலங்கையர் தாங்களே சொன்ன பிரச்சினைகளையும் சொற்களையும் வைத்து உருவாக்கியது. ஆள் அன்றாட அலுவலைச் செய்ய எவ்வளவு கஷ்டப்படுகிறார் என்பதை, பெயர்த்த கருவி சொன்னதற்கு மேலாக, உள்ளூர்ச் சொல்லில் அமைந்தது இன்னும் கொஞ்சம் சொன்னது. இன்னும் கொஞ்சம்தான். பெயர்த்தது குப்பை என்று ஆகவில்லை. இந்த அடக்கமான விடைதான் எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எல்லாம் மேற்கத்தியச் சதி என்று எழுதுகிறவர்களுக்கும் இது பிடிக்காது, ஆங்கிலத்தில் சரிபார்த்தால் போதும் என்கிறவர்களுக்கும் பிடிக்காது.

சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடங்கிய இன்னொரு இடம் சிம்பாப்வே. அங்கே சோனா மொழியில் குஃபுங்கிசிசா என்று ஒரு சொல். அளவுக்கு மீறி யோசிப்பது. எங்கட "சரியா யோசிச்சுப் போனா" மாதிரியே. விக்ரம் பட்டேலும் கூட்டாளிகளும் 1990களில் அங்கே வேலை செய்தபோது, வெளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுபோய்ப் பெயர்க்கவில்லை. நோயாளிகள் பாவித்த சொற்களைச் சேர்த்து 14 கேள்விகள் கொண்ட சோனா வினாக்கொத்தை உருவாக்கினார்கள். பிறகு அங்கே கிளினிக் வாசல் வாங்கில் இருந்து அம்மம்மாமார் ஆறுதல் கதைக்கும் திட்டம் தொடங்கியபோது, யாருக்கு உதவி வேண்டும் என்று கண்டுபிடித்தது அந்த 14 கேள்விகளால்தான். யோசனை கூடிப்போவது என்ற இந்தப் பேச்சு உலகில் எங்கெங்கே இருக்கிறது என்று 2015இல் தொகுத்தவர்களுக்கு 138 ஆய்வுகள் அகப்பட்டன. எங்களுக்கு இது ஆறுதலாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்க அசைபோடுதலுக்கு மாற்றுச்சொல் தேடிக்கொண்டிருந்தோம். சொல் வாயிலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்கு இந்த வேலை புதிதும் அல்ல. 1847இல் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மாணவர்களோடு இருந்து ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் சொல் தேடினார். எலும்பு எங்கேயும் எலும்புதான் என்ற வசதி அவருக்கு இருந்தது.

நாங்கள் இப்போது தாளைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். முதலில் வேலை என்ற சொல்லை எடுத்துவிட்டோம். உங்கட அலுவல் என்று எழுதிப் பார்க்கிறோம். கடலுக்கும் கந்தோருக்கும் குசினிக்கும் அது பொருந்துகிறது, பொருந்தாவிட்டால் மாற்றலாம். முடிந்த பிறகு என்பதையும் எடுத்துவிட்டு, படுத்தாப் பிறகு என்று போட்டோம். எல்லோரும் எப்போதாவது படுக்கத்தானே வேண்டும். யோசனையை இரண்டாக வெட்டாமல், யோசிச்சு ஏதும் வழி கிடைச்சதோ என்று அடுத்த கேள்வியாகக் கேட்கலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஒருபோதும் இல்லை, எப்பவாவது, இடைக்கிடை, அடிக்கடி, எப்பவும் என்ற ஐந்து படியில் இடைக்கிடைக்கும் எப்பவாவதுக்கும் வித்தியாசம் என்ன என்று இன்னும் சண்டை தீரவில்லை. இது ஒரு கருவி அல்ல, ஒரு கொப்பித்தாள். நூற்றுக்கணக்கான ஆட்களிடம் கேட்டு, கட்டுகள் நிற்கின்றனவா ஒட்டுகின்றனவா என்று பார்க்கும்வரை அது அப்படித்தான்.

போன கிழமை அதில் முதல் கேள்வியை அந்த அம்மாவிடமே கேட்டோம். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கி, பழக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினா.

"படுத்தாப் பிறகும் அந்தக் கொப்பியள் கண்ணுக்குள்ள நிண்டதோ அம்மா?"

"கொப்பி ஏன் நிக்குது? பெடியன்தான் நிண்டவன்" என்றா. "இப்பவும் காத்துப் பலமா அடிச்சா, இண்டைக்குப் படகு ஓடியிருக்காது, பள்ளிக்கூடத்தில மத்தியானச் சாப்பாடு குடுத்திருப்பினமோ எண்டு வரும்."

ஐந்து படியில் எதைப் போடுவது என்று தெரியவில்லை. சொன்னதை அப்படியே பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.